நிவேதனமும் பசித்த பிள்ளையும்

(நாவலர் குருபூசைத் தினத்திலே புளியங்குளத்திற் கூடிய சைவாசிரியர்க்குச் செய்த பிரசங்கம்)



எல்லாம்வல்ல சிவபெருமானுடைய திருவடிகளை மனமொழி மெய்களால் வணங்கி, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களை நினைந்து, உங்கள் முன்னிலையிற் சில சொல்லத் தொடங்குகின்றேம். இன்று கார்த்திகை மகம். நாவலரவர்கள் 1879 ஆம் ஆண்டு சிவபதமடைந்த தினத்தை ஆண்டுதோறும் இவ்வாறு கொண்டாடுகின்றோம். அவர்கள் நூல் பதிப்பித்ததையும், 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தாபித்ததையும், பிரசங்கஞ் செய்ததையும் எடுத்துச் சொல்லிக் கலைவது நம் வழக்கம். அவர்கள் காய்ச்சிய கஞ்சியைக் குறித்துப் பேசுவார் சிலரே. யாம் இன்று அதனையே பேச எண்ணினேம்.

நாம் கூடியிருக்கும் புளியங்குளம், யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும் புகையிரதப் பாதையும் ஊடறுக்க, கிழக்கே நெடுங்கேணிக்கு வழி பிரியும் ஊர். சுற்றிலும் குளமும் வயலும் காடும் உள்ளன. நெல் விளையும் இந்நிலத்திலே பசியைக் குறித்துப் பேசுவானேன் என்று சிலர் வியத்தலுங் கூடும். பேசுதற்குக் காரணம் எம்முடைய பிழையொன்று. அதனை முதற்கண் ஒப்புக்கொள்ளுகின்றேம்.

யாம் படிப்பிக்கும் வித்தியாசாலையிலே வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையிற் பூசை நடப்பது வழக்கமாயிருந்தது. ஒருநாட் பஞ்சபுராணம் ஓதி முடிந்து தீபங் காட்டும் முன்னே, ஏழாந் தரத்துப் பையனொருவன் நிவேதனத் தட்டிலிருந்த அவலிற் கைவைத்தான். யாம் அவன் மணிக்கட்டைப் பிடித்து, எல்லார் முன்னிலையிலும், சுவாமிக்கு வைத்ததை எச்சிற்படுத்தினாய் என்று கடிந்தேம். அவன் ஒன்றும் பேசவில்லை. மற்றைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அவ்வகுப்பிலே கோட்புலி நாயனார் சரித்திரம் சொல்லும் முறை வந்தது. நாட்டியத்தான்குடியிலே சேனாதிபதியாயிருந்த அந்நாயனார், சிவாலயத் திருவமுதுக்கென நெற்கூடு கட்டிவைத்துப் போருக்குப் போனார். அதனைத் தொடுதல் கூடாதென்று சுற்றத்தாருக்கு ஆணையிட்டே போனார். பின்னர்ப் பஞ்சம் வந்தது. இறந்தொழிவதினும் இதனை எடுத்துண்டு பின்பு கொடுப்போம் என்று சுற்றத்தார் அந்நெல்லை உண்டார்கள். திரும்பிவந்த நாயனார் அவர்களெல்லாரையும் வாளால் வெட்டினார். இவ்வளவும் யாம் சொல்லி முடித்தபோது, அந்தப் பையன் எழுந்து நின்று தன் ஊர்ப்பேச்சிலே, "சேர், அந்தச் சனங்கள் எத்தினை நாளாச் சாப்பிடாமல் இருந்தவை?" என்று கேட்டான்.

எமக்கு விடை தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அச்சரித்திரத்தைப் படிப்பித்தும், அவ்வினா எம்முள்ளத்தில் எழுந்ததேயில்லை. வகுப்பு முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து, பூசை நடந்த அன்று என்ன உண்டு வந்தாய் என்று விசாரித்தேம். முதல்நாட் பகற்சோற்றுக்குப்பின் வெறுந்தேநீர் மாத்திரமே குடித்திருந்தான். வீட்டிலே அம்மம்மாவும் தங்கையும் அவனுமே இருந்தார்கள். தாய் தூரத்தே வேலைக்குப் போயிருந்தாள்.

உபாத்தியாயர்களே, அப்பிள்ளையின் வினாவுக்கு விடை தேடியதே இப்பிரசங்கம் என்று கொள்ளுங்கள்.

முதலிலே உலகத்தை நோக்குவோம். 2024 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 67 கோடி மக்கள் பசியால் வருந்தினார்கள் என்று ஐக்கிய நாடுகளின் சபைகள் கணக்கிட்டிருக்கின்றன. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறக்குறைய 15 கோடிப்பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள். 4 கோடிக்கு மேற்பட்டோர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்தவர்கள். பூமி விளைவிக்கும் தானியமோ எல்லாருக்கும் போதியது. அற்றாயின் பசி ஏன் உண்டாகின்றது?

நம்முடைய சரித்திரமே இதற்கு விடை கூறும். 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வருத்தியது. இந்தியாவிலே ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டார்கள் என்பர். அக்காலத்திலும் அந்நாட்டுத் தானியம் கப்பலேறிப் பிறதேசஞ் சென்றது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஓரிறாத்தல் தானியமும் ஓரணாவுமே கூலி போதுமென்று சேர் றிச்சார்ட் ரெம்பிள் என்னும் அதிகாரி குறைத்தார். 1943 ஆம் ஆண்டு வங்காளத்திலே ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் இறந்தார்கள். அங்கே அரிசி இல்லாமற் போயிற்றில்லை. கூலியாட்களும் மீன்பிடிகாரரும் அதனை வாங்கும் வலியிழந்தார்கள் என்பதை அமர்த்திய சென் என்னும் பொருளியலறிஞர் 1981 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிலே நிலைநாட்டினார். 2024 ஆகஸ்டில் சூடான் தேசத்துச் சம்சம் அகதி முகாமிலே பஞ்சம் நிலவுகின்றதென்று உறுதிசெய்யப்பட்டது. போரும் முற்றுகையுமே அதற்குக் காரணம். 2025 ஆகஸ்டிற் காசாவிலும் அவ்வாறே உறுதிசெய்யப்பட்டது. ஆகவே, மழை பொய்த்தல் ஒருபுறமிருக்க, மனிதர் கதவடைத்தலே பெரும்பாலும் பசிக்குக் காரணமென்பது பெறப்படும்.

இதனை நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டுவதில்லை. 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருட்டடையை வன்னியிலிருந்தோர் அறிவர். விளக்கெண்ணெயும் சவர்க்காரமும் மருந்தும் அரியபொருளான காலமது. 1997 ஆம் ஆண்டு இந்தப் புளியங்குளம் போர்முனையாகியபோது, வயலை விட்டும் விதைநெல்லை விட்டும் ஓடினவர் இக்கூட்டத்திலும் இருக்கின்றீர்கள். 2009 ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிலே கையிற் பாத்திரமேந்திக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுள் யாமும் ஒருவேம். அரிசியும் நீருமே அக்கஞ்சி. உப்பிட்ட நாளும் உண்டு. இடாத நாளும் உண்டு. இன்று மே மாதத்திலே அதனை நினைவாகக் காய்ச்சிக் குடிக்கின்றோம். அவ்வாறு நினைத்தல் தக்கதே. ஆயினும், கஞ்சியை நினைவுக்காக ஒருநாட் குடித்துவிட்டு, வேறொன்றுமில்லாமையாற் கஞ்சியும் குடியாது வரும் பிள்ளையை மற்றை நாளெல்லாம் காணாதிருப்போமாயின், நாம் எதனை நினைந்தோம்?

போர் ஓய்ந்தபின்னும் பசி ஓய்ந்ததில்லை. இலங்கை முழுவதும் 2016 ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் 100 இற்கு 17 பேர் உயரங்குன்றியவர். 15 பேர் மெலிந்தவர். 20 பேருக்கு மேல் நிறைகுறைந்தவர். 2021 ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. அதனையடுத்த பெரும்போகத்து விளைச்சல் மிகக் குன்றியது. 2022 செப்டெம்பரிலே கொழும்பில் உணவுப்பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் 100 இற்கு ஏறக்குறைய 95 வீதம் ஏறிநின்றது. அதாவது, ஒரு ரூபாவுக்கு வாங்கிய பொருள் ஏறக்குறைய இரண்டு ரூபாவாயிற்று. அவ்வாண்டிலே இந்நாட்டில் 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றியிருந்தார்கள் என்று உலக உணவுத் திட்டத்தாரும் உணவு விவசாயத் தாபனத்தாரும் மதிப்பிட்டார்கள். பின்னர் விலையேற்றம் தணிந்தது. ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கிற்றில்லை.

வயலுள்ள ஊரிலே பிள்ளை பசித்திருப்பது எங்ஙனமெனின், கூறுதும். வயல் உடையவர் சிலர். அதிற் கூலிக்குழைப்பவர் பலர். உடையவரும் விதைக்கும் உழவுக்கும் பட்ட கடனுக்காக, அறுவடை முடிந்தவுடனே, விலை தாழ்ந்திருக்கும் காலத்தில் நெல்லை விற்கின்றார்கள். பின்பு விலை ஏறிய காலத்தில் அரிசியைக் கடையில் வாங்குகின்றார்கள். கணவனை இழந்த பெண்கள் வாரந்தோறும் தவணை கட்டும் கடனில் அகப்பட்டு, தவணை நாளிலே அடுப்பை அணைக்கின்றார்கள். யானை ஓரிரவில் அழித்த பயிர் ஒரு குடும்பத்தின் ஆறுமாதச் சோறு. இவையெல்லாம் வெளியே தெரிவதில்லை. வெள்ளைச் சட்டை அணிந்து, தலைசீவி, திருநீறு தரித்து வரும் பிள்ளையின் வயிறு நமக்குத் தெரிவதில்லை.

வயிறு நிறைந்திருந்தும் ஊட்டமில்லாத பிள்ளைகளும் உளர். சோறும் சொதியும் மாத்திரம் உண்பவனுக்குப் பசி அடங்கும், இரத்தம் ஊறாது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சோம்புவான், தூங்குவான், கேட்டதை மறப்பான். நாம் அவனை மந்தபுத்தியுடையவன் என்போம். கருவுற்ற நாள் முதலாக இரண்டாம் வயது நிறையும் வரையுள்ள ஏறக்குறைய ஆயிரம் நாட்களிற் குன்றிய வளர்ச்சியைப் பின்னர் மீட்டல் அரிதென்று வைத்திய நூலோர் கூறுவர். எனவே, நம்மிடம் வரும் பிள்ளைகளிற் சிலர் நாம் காணுமுன்னரே இழந்து வந்தவர்கள். அவ்விழப்புக்காக அவர்களைப் பிரம்பினால் தண்டித்தல் தருமமாகுமா?

இனிச் சமயநூல் கூறுவதை நோக்குவோம். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்திற் பஞ்சம் வந்தது. சிவபெருமான் நாள்தோறும் பீடத்திலே படிக்காசு வைத்தருளினார். அக்காசு கொண்டு இருவர் மடத்திலும் அடியார்களுக்கு அமுது செய்வித்தார்கள். அரசுகள் மடத்திலே உரிய வேளைக்கு அமுது நடக்க, தம் மடத்திலே தாழ்ப்பது ஏனென்று பிள்ளையார் வினாவினார். தமக்குக் கிடைக்கும் காசு வாசியுடையதாதலால், அதனை மாற்றிப் பண்டம் வாங்கத் தாமதமாகின்றதென்று அறிந்து, பெருமானை வேண்டி அவ்வாசியை நீக்குவித்தார். ஞானப்பாலுண்ட பிள்ளையார், அடியார் இலையிற் சோறு தாழ்த்ததைக் கண்டு காரணம் வினாவினார் என்பதை நாம் உற்றுநோக்கல் வேண்டும். நாமோ, மாணாக்கன் வரவு தாழ்த்த காரணத்தை வினாவுகின்றோம். அவன் உணவு தாழ்த்த காரணத்தை வினாவுகின்றோமில்லை.

அங்ஙனமாயின் கோட்புலி நாயனார் செய்தது என்னையெனின், அதனை மறைத்தலும் வேண்டா, திரித்தலும் வேண்டா. அது வன்றொண்டு. சிவத்துக்கென்று வைத்த பொருளிலே தமக்கும் தம் சுற்றத்துக்கும் இம்மியும் பங்கில்லை என்னும் மிகுந்த அன்பினால் நிகழ்ந்தது. அத்தகைய செயல்களை வியத்தற்குரியனவாகப் பெரியோர் போற்றினார்களேயன்றி, நாம் செய்தற்குரிய விதியாக வைத்தாரில்லை. இன்னுமொன்று. அச்சுற்றத்தாரைச் சேக்கிழார் பெருமான் கள்வராகக் காட்டிற்றிலர். உயிர்தாங்கப் பின்பு கொடுக்கும் எண்ணத்தோடு உண்டார்கள் என்றே அவர்கள் நெஞ்சையும் நமக்குக் காட்டினார். சிவபெருமானும் இறுதியில் எழுந்தருளி, வெட்டுண்ட அவர்களுக்கும் மேலுலகம் அளித்தார். நாயனாருக்கு மாத்திரம் அருளி, பசித்துண்டவரைப் பெருமான் தள்ளினாரல்லர். யாம் இதனை இத்தனை வருடமும் வாசித்துக் கடந்துபோயினேம். ஒரு பசித்த பிள்ளை கேட்டபின்னரே அவ்விடத்தில் நின்றேம். நாயனாருடைய அன்பு எம்மிடமில்லை. அவருடைய வாளை மாத்திரம் சிறிதாக்கி, ஒரு பிள்ளையின் மணிக்கட்டின்மேல் வைத்தேம்.

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும். யாம் இளமையிலே மிஷன் பாடசாலையொன்றிற் கற்றேம். எம்மோடு படித்த ஏழைப் பையனொருவனை, அங்கிருந்த ஆசிரியையொருவர் இடைவேளைதோறும் அடுக்களைப்புறம் அழைத்துப் பாணும் பருப்பும் கொடுப்பார். அவனைச் செபஞ் சொல்லும்படி கேட்டதை யாம் கண்டிலேம். எம் வீட்டாரோ, பாணுக்காகச் சமயத்தை விற்பான் என்று அவனை இகழ்ந்தார்கள். அவனுடைய வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி அனுப்பினாரில்லை. இன்றைக்கும் வன்னியிலே, உதவி கிடைக்குமிடத்தை நாடிச் சிலர் வேற்றுச் சமயக் கூட்டங்களுக்குப் போகின்றார்கள் என்று நம்மவர் சினந்து பேசுவதைக் கேட்கின்றோம். அவர்கள் போன வாயிலை நோக்கி ஏசுகின்றோம். அவர்கள் புறப்பட்ட வீட்டிலே எத்தனை நாள் அடுப்பெரியவில்லை என்று போய்ப் பார்த்தோமா? தன் பிள்ளைக்குச் சோறிட்டவரை ஒரு தாய் நன்றியோடு நினைப்பது குற்றமாகுமா? சைவம் தாழ்ந்ததாகிற் பிறர் ஈந்ததனாற் தாழ்ந்ததன்று. நாம் ஈயாமையாற் தாழ்ந்தது.

நாவலரவர்கள் இதனை நன்றாக அறிந்திருந்தார்கள். பாதிரிமார் பாடசாலைக்கு எதிரே வித்தியாசாலை தாபித்தவர்கள், 1877 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வருத்தியபோது, பொருளுடையாரிடம் இரந்து கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். ஏழைகள் துன்பத்தைக் கவனியாத அரசாட்சியாரையும் அஞ்சாது கண்டித்தெழுதினார்கள். கடலுக்கப்பால் வடலூரிலே 1867 ஆம் ஆண்டு இராமலிங்க சுவாமிகள் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார்கள். அவ்வடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. அருட்பாவைக் குறித்து அவ்விருவர்க்கும் நேர்ந்த வழக்கை நீங்கள் அறிவீர்கள். அதனை ஈண்டு மீட்டும் கிளறுகின்றேமல்லேம். பாட்டிலே மாறுபட்ட அவ்விருவரும் பானையிலே மாறுபட்டாரல்லர் என்பதனையே சொல்லுகின்றேம்.

நம் குற்றமொன்றையும் மறைத்தலாகாது. 1929 ஆம் ஆண்டளவிலே பாடசாலைகளிற் சமாசனம் வேண்டுமென்று அரசாட்சியார் விதித்தபோது, எல்லாப் பிள்ளைகளும் ஒப்ப இருத்தலை எதிர்த்தவர்களுள் நம்மவரும் இருந்தார்கள். இன்றும் சில ஊர்களிலே அன்னதானப் பந்தியில் யார் சமைத்தார், யார் பக்கத்திலிருந்தார் என்று நோக்குங் கண்கள் உள. பசிக்குக் குலமில்லை. ஊட்டுங் கைக்குக் குலம் பார்ப்பவர் ஊட்டாதவரினும் தாழ்ந்தவர்.

இனி நாம் செய்யத்தக்கன எவை? அரசாட்சியார் 2024 மார்ச் தொட்டு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் திட்டத்தை விரித்திருக்கின்றார்கள். அது நன்றே. ஆறாந் தரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுட் பெரும்பாலோர் அதற்குப் புறத்தே நிற்கின்றார்கள். வளரும் வயது அதுவேயன்றோ? தமிழகத்திலே 1956 ஆம் ஆண்டு காமராசர் தொடங்கிய மதிய உணவு 1982 ஆம் ஆண்டு சத்துணவாக விரிந்து, 2022 ஆம் ஆண்டு காலையுணவுந் தொடங்கப்பெற்றது. அங்கே ஓர் அரசு பல்லாண்டு முயன்று செய்ததனை, இங்கே ஒரு வித்தியாசாலையளவிலாயினும் நாம் தொடங்கலாம்.

ஒன்று: காலையில் வரவு பதியும்போது வாடிய முகங்களைக் குறித்துக்கொண்டு, பின்பு தனியே விசாரியுங்கள். பசித்தவர் கையுயர்த்துக என்று வகுப்பிலே கேட்பது கொடுமை. பசியினும் நாணம் கொடியது.

இரண்டு: தவணைதோறும் உயரமும் நிறையும் அளந்து பதியுங்கள். நிறை ஏறாத பிள்ளையைக் குறித்துப் பொதுச்சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வீட்டிலே சிறுகுழந்தையோ கருவுற்ற தாயோ இருப்பின், குடும்பநல மருத்துவமாதுக்கு அறிவியுங்கள்.

மூன்று: பிடியரிசி எடுங்கள். சோற்றுக்கு அரிசி அரிக்கும்போது ஒரு பிடி வேறாக வைத்தல் நம் தாய்மார் அறிந்த தருமம். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் என்று கொண்டால், 40 வீடுகளிலிருந்து நாளொன்றுக்கு 2 கிலோ அரிசி சேரும். அதனோடு பயறும் முருங்கையிலையும் இட்டுக் காய்ச்சினால் 40 பிள்ளைகளுக்குக் காலைக்கஞ்சி ஆகும். ஒரு வீட்டின் ஒரு பிடி ஒரு பிள்ளையின் கஞ்சி. இதனினும் எளிய கணக்கை யாம் அறியேம்.

நான்கு: நம் ஊணின் பெருமையை மீட்டும் கற்பியுங்கள். குரக்கன், சாமை, எள்ளு, உழுந்து, கௌபி, முளைக்கீரை என்பன இந்நிலத்திலே எளிதில் விளைவன. மரக்கறி உண்பார்க்குக் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து உடம்பிற் சேர, எலுமிச்சையோ நெல்லியோ உடன் உண்ணல் நன்று. சோற்றோடும் சோறுண்டவுடனும் தேநீர் குடித்தல் அச்சத்தைத் தடுக்கும். இதனைத் தாய்மாருக்குச் சொல்லுங்கள். ஆனால், வாங்க வழியில்லாதவளுக்கு உபதேசம் மாத்திரம் செய்து மீளாதேயுங்கள்.

ஐந்து: கோயிற் றர்மகர்த்தாக்களிடம் போய்ப் பேசுங்கள். திருவிழாக் காலத்துப் பத்து நாளிலே பல்லாயிரவர்க்கு அன்னமிடும் கோயில்கள் நம்மிடம் உள்ளன. அவ்வன்னத்தில் ஒரு பங்கைப் பாடசாலை நடக்கும் நாட்களுக்குப் பகிர்ந்தால், திருவிழா குறையாது, தருமம் வளரும்.

எம் வித்தியாசாலையிலே யாம் செய்ததைச் சொல்லி முடிக்கின்றேம். பூசையை விட்டோமில்லை, நிவேதனத்துக்கு முன் உண்ணலாகாதென்னும் முறையையும் மாற்றினோமில்லை. நேரத்தை மாற்றினோம். கடைசிப் பாடவேளையில் நடந்த பூசை இப்பொழுது காலையில் மணியடித்தவுடன் நடக்கின்றது. ஒரு பெரும்பானைக் கஞ்சியைச் சுவாமிக்கு நிவேதித்து, தீபங் காட்டியவுடனே எல்லாப் பிள்ளைகளுக்கும் வார்க்கின்றோம். உள்ளவன் இல்லாதவன் என்னும் பிரிவின்றி எல்லாரும் பிரசாதமாகவே பெறுவதனால் ஒருவர்க்கும் நாணமில்லை. இப்போது வாரத்திலே இரண்டு நாட்களே இது நடக்கின்றது. ஐந்து நாளும் நடக்கப் பிடியரிசி இன்னும் போதவில்லை.

அந்தப் பையனிடம் யாம் மன்னிப்புக் கேட்டேம். ஏசியது எல்லார் முன்னிலையிலுமாதலால், கேட்டதும் எல்லார் முன்னிலையிலுமே. அவன் தலைகுனிந்து நின்றான். அவன் வினாவுக்கு இன்றும் எம்மிடம் விடையில்லை. அச்சுற்றத்தார் எத்தனை நாட் பசித்திருந்தார்கள் என்பதை அறியேம். எம் வகுப்பிலே இருப்பவர்கள் எத்தனை வேளை பசித்திருக்கின்றார்கள் என்பதை அறிதல் எம்மால் இயலும். அதனை அறிந்துகொண்டே புத்தகத்தைத் திறக்கின்றேம்.

நீங்களும் நாளைக் காலையில் வகுப்புட் புகும்போது, திருநீற்றை நோக்குமுன் முகத்தை நோக்குங்கள். நாவலரவர்களுக்கு நாம் செய்யும் குருபூசை அதுவாகுக.

திருச்சிற்றம்பலம்.